விரிதாளின் பட்டியமைப்பும் மேக்ரோ நிரலும்

சொல்லடைவு தொகுப்போர் முற்காலத்தில் சொற்களைச் சீட்டுகளில் எழுதிப் பெட்டிகளில் அகர வரிசையாக அடுக்கிவைத்தனர். இன்று அச்சீட்டுப் பெட்டியின் இடத்தை விரிதாள் பெற்றுள்ளது. சொல், அது பயிலும் நூல், பாட்டெண், அடியெண், பொருள் என ஐந்து கலங்களை ஒரு கிடைவரிசையில் அமைத்துக்கொண்டு பல்லாயிரம் சொற்களைத் தொகுக்கும் பணியைத் தமிழாய்வாளர் பலர் மேற்கொள்ளுகின்றனர். ஆயினும் விரிதாள் கணக்கர்க்கெனப் பிறந்த கருவியாகும். திரையின் மேற்பகுதியில் காணும் பட்டிகளும் பொத்தான்களும் கூட்டல், நூற்றுவீதம், நாணயக்குறி ஆகியவற்றை நோக்கி அமைந்தவை. சொல்லடைவுக்கு வேண்டும் தொழில்கள் அங்கில்லை. அவற்றை நாமே மேக்ரோ நிரலால் அமைத்துக்கொள்ளுமாறும், அமைக்குங்கால் கருதவேண்டியனவும் இக்கட்டுரையில் ஆராயப்பெறும்.

சொற்பொருளை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். மெனு எனப்படுவதைப் பட்டி என்றும், பொத்தான்கள் நிரலாக அமைந்த கீற்றினைக் கருவிப்பட்டை என்றும் கணிப்பொறித் தமிழ் வழங்குகின்றது. கையால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் தொழில்களைத் தொடராக எழுதிவைத்து, ஒரு பெயரால் அழைத்தவுடன் இயங்குமாறு செய்த நிரலே மேக்ரோ ஆகும். ஆகவே நாம் அமைக்கும் பட்டியில் இரு கூறுகள் உள்ளன. திரையில் தோன்றும் பெயர் ஒன்று. அப்பெயரைத் தொட்டால் நிகழும் வினை மற்றொன்று. இவ்விரண்டும் ஓரிடத்தில் உள்ளனபோலப் பயனர்க்குத் தோன்றும். உண்மையில் பெயர் ஓரிடத்திலும் வினை வேறோரிடத்திலும் தங்கியிருத்தல் கூடும். பெயர் கணிப்பொறியில் தங்கி, வினை கோப்பில் தங்கினால் என்ன நேரும் என்பதே இப்பொருளில் தலையாய வினா என்பது எம் கருத்து. பொத்தானின் நிறம், உருவம், அளவு ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இவ்வினாவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர்.

இவ்வினாவுக்கு விரிதாளின் வரலாறு மாறிமாறி விடை கூறியுள்ளது. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகியோர் படைத்த விசிகால்க் என்னும் முதல் விரிதாளில் மேக்ரோ இல்லை. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மேக்ரோவையும், பயனர் தாமே பட்டி அமைக்கும் வசதியையும் தந்தது. அம்முறை இன்று எண்ணினும் வியப்பளிப்பது. விரிதாளின் ஒரு கிடைவரிசையில், எட்டுக்கு மேற்படாமல், பட்டியின் சொற்களைக் கலத்துக்கு ஒன்றாக எழுத வேண்டும். அவற்றின் கீழ்வரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கத் தொடர் வரும். அதற்கும் கீழே, அச்சொல் தேர்ந்தெடுக்கப்பெறின் இயங்கவேண்டிய கட்டளைகள் அமையும். மூலமும் பொழிப்பும் விரிவுரையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்பது போன்ற அமைப்பு இது. முதலெழுத்தை அழுத்தினாலே தேர்வு நிகழும். ஆதலின் ஒரு பட்டியில் இரு சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டியதாயிற்று. பெயரும் வினையும் தாளிலேயே இருந்தமையால், கோப்பு சென்ற இடமெல்லாம் பட்டியும் உடன் சென்றது. எங்கே தங்குகின்றது என்ற வினாவே அக்காலத்தில் எழவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸல் 1985இல் மேக்கின்டாஷ் கணிப்பொறிக்கும், 1987இல் விண்டோஸுக்கும் வெளிவந்தது. அதன் பழைய மேக்ரோ மொழியில் பட்டியைச் சேர்ப்பதற்கும் கட்டளையைச் சேர்ப்பதற்கும் தனித்தனிச் சார்புகள் இருந்தன. 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விஷுவல் பேசிக் மொழி புகுந்தது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு பட்டியையும் கருவிப்பட்டையையும் கமாண்டுபார் என்னும் ஒரே வகையுள் அடக்கிற்று. இதனை இருபெயர்க்கும் பொதுவான ஓர் இனப்பெயர் கண்டமையாகக் கொள்ளலாம். மேலே நிற்கும் பட்டியும், பொத்தான் கீற்றும், சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தினால் கலத்தினருகே விரியும் பட்டியும் நிரலின் நோக்கில் ஓரினத்தனவே ஆயின. ஒவ்வொரு பட்டையினுள்ளும் கண்ட்ரோல் எனப்படும் உறுப்புகள் உள்ளன. உறுப்புக்குப் பெயர் தருவது கேப்ஷன் என்னும் பண்பு. வினையைச் சுட்டுவது ஆன்ஆக்ஷன் என்னும் பண்பு. பயனர் கண்ணுக்குப் புலனாகாத அடையாளக் குறி இடுவது டேக் என்னும் பண்பு. இம்மூன்றும் அறிந்தார்க்கு ஏனையவை எளியன.

இவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. நாம் சேர்த்த உறுப்பு, வேறு குறிப்பின்றேல், கோப்பை மூடிய பின்னும் நிலைத்துநின்றது. எக்ஸல் தன் பட்டைகளின் நிலையை எக்ஸ்.எல்.பி. என முடியும் பெயருடைய தனிக்கோப்பொன்றில் அந்தக் கணிப்பொறியிலேயே எழுதிவைத்துக்கொண்டது. அதனால் பெயர் கணிப்பொறிக்கு உரியதாகவும், வினை கோப்புக்கு உரியதாகவும் பிரிந்தன. பொத்தானோ தன் வினை உறையும் கோப்பின் முழு முகவரியையும் நினைவில் வைத்திருந்தது.

இப்பிரிவினால் எமக்கு நேர்ந்த இடர்ப்பாட்டை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 2003ஆம் ஆண்டு எக்ஸலைக் கொண்டு யாம் ஒரு சொல்லடைவைத் தொகுத்துவந்தோம். வரிசைப்படுத்தவும், இருமுறை பதிவான சொற்களைக் காட்டவும் இரு மேக்ரோக்களை எழுதி, அவற்றுக்குரிய பொத்தான்களைக் கையாலேயே கருவிப்பட்டையில் பொருத்தினோம். பாதிப்பணி முடிந்தபின், திருத்தப் படிக்கெனக் கோப்பைப் புதுப்பெயரில் படியெடுத்து அதில் பணியைத் தொடர்ந்தோம். பொத்தான்கள் முன்போலவே திரையில் நின்றன. அவற்றுள் ஒன்றை அழுத்தியபோது, எக்ஸல் பழைய கோப்பைத் தானே திறந்து, அதனை முன்னிறுத்தி, அதிலிருந்த மேக்ரோவை அதன்மேலேயே இயக்கிற்று. இரு கோப்புகளும் தோற்றத்தில் வேறுபாடில்லாதவை. பெயர் திரையின் உச்சியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதனைப் பார்ப்பார் யார்? அன்று முதல் சில திருத்தங்கள் புதிய படியிலும், பொத்தானை அழுத்திய நாள்களில் செய்த திருத்தங்கள் பழைய படியிலும் பதிவாயின. மூன்று வாரங்கள் கழித்தே இஃது அறியவந்தது. பாடவேறுபாடு ஆராய்வார் இரு சுவடிகளை ஒப்புநோக்குவது போல, எம் கையாலேயே விளைந்த இரு பாடங்களையும் வரிவரியாக ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. எந்தத் திருத்தம் பிந்தியது என்று துணிய இயலாத சொற்களை மீண்டும் மூலநூலிற்சென்றே தெளிந்தோம்.

மேக்ரோவில் பிழையில்லை. பொத்தானைக் கையால் பொருத்தியதே பிழை. கோப்பு திறக்கும்போது நிரலே பட்டியைக் கட்டி, கோப்பு விலகும்போது நிரலே அதனை நீக்குமாறு செய்திருந்தால் இவ்விடர் நேர்ந்திராது. அவ்வாறு கட்டும் முறையை விளக்குவோம்.

விரிதாளின் தலைமைப் பட்டையில் உதவிப்பட்டி வலக்கோடியில் நிற்பது. அதற்கு முன்னே நம் பட்டியைச் செருகுதல் வழக்கம். உதவிப்பட்டியை அதன் பெயரால் தேடுதல் ஆகாது; எக்ஸலின் பிறமொழிப் பதிப்புகளில் அப்பெயர் வேறாகும். ஒவ்வோர் உறுப்புக்கும் மாறாத எண் ஒன்றுண்டு. உதவிப்பட்டியின் எண் 30010. கருவிகள் பட்டியின் எண் 30007. எண்ணால் தேடி இடத்தைக் கண்டபின், ஆட் என்னும் வினையால் புதிய விரிபட்டி ஒன்றைச் சேர்த்து, டெம்பரரி என்னும் குறிப்புக்கு உண்மை என்ற மதிப்பைத் தர வேண்டும். இக்குறிப்பு இருப்பின் எக்ஸல் மூடப்படும்போது அவ்வுறுப்பும் மறையும், எக்ஸ்.எல்.பி. கோப்பில் ஏறாது. பின்னர்ப் பெயரும், அடையாளக் குறியும் தந்து, விரிபட்டியினுள் பொத்தான்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானின் ஆன்ஆக்ஷன் பண்பிலும் மேக்ரோவின் பெயரை மட்டும் எழுதாமல், நிரல் உறையும் கோப்பின் பெயரை நிரலே கேட்டறிந்து முன்னொட்டாகச் சேர்த்தல் நன்று. திஸ்ஒர்க்புக் என்னும் சொல் அப்பெயரைத் தரும். படியெடுத்து வேறு பெயர் இட்டாலும், அப்படியினுள் இருக்கும் நிரல் அப்படியின் பெயரையே கூறும். யாம் இழந்த மூன்று வாரங்களுக்கும் மருந்து இவ்வொரு முன்னொட்டே.

நீக்கும் முறையில் இரண்டு தவறுகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது, பட்டையை முழுதும் பழைய நிலைக்குக் கொணரும் ரீசெட் என்னும் வினையை ஆளுதல். ஒரு சொல்லில் பணி முடிந்துவிடுவதால் பலர் இதனை விரும்புகின்றனர். ஆனால் இவ்வினை நாம் சேர்த்தவற்றோடு பிறர் சேர்த்தவற்றையும் அழித்துவிடும். நம் இடைச்செருகலை நீக்கும்போது பிறர் எழுதிய உரையையும் சேர்த்துக் கிழித்தல் முறையாகாது. டேக் குறியைக் கொண்டு நாம் சேர்த்த உறுப்பை மட்டும் தேடி நீக்குவதே தக்கது. இரண்டாவது தவறு நுண்ணியது. கோப்பு மூடுமுன் இயங்கும் பிஃபோர்குளோஸ் நிகழ்ச்சியில் பட்டியை நீக்குமாறு பல நூல்கள் கூறுகின்றன. இந்நிகழ்ச்சி, மாற்றங்களைச் சேமிக்கலாமா என எக்ஸல் வினவுவதற்கு முன்னரே நிகழ்வது. பயனர் அவ்வினாவுக்கு மூட வேண்டா என்று விடையளிப்பின் கோப்பு திறந்தே இருக்கும், பட்டியோ போய்விட்டிருக்கும். ஆதலின் கோப்பு முன்னிற்கும்போது இயங்கும் ஆக்டிவேட் நிகழ்ச்சியில் பட்டியைக் கட்டுதலும், பின்னிற்கும்போது இயங்கும் டீஆக்டிவேட் நிகழ்ச்சியில் நீக்குதலும் பாதுகாப்பானவை. வேறு கோப்பில் பணிசெய்யும்போது சொல்லடைவுப் பட்டி திரையில் நின்று மயக்கம் தராமை இதன் கூடுதற் பயன்.

தமிழாய்வாளர்க்கு மட்டும் உரிய இடர் ஒன்றுண்டு. விஷுவல் பேசிக் நிரலை எழுதும் பெட்டி ஒருங்குறியை ஏற்பதன்று. அது விண்டோஸின் பழைய எட்டுப்பிட்டு எழுத்துத் தொகுதிகளைச் சார்ந்து இயங்குவது; தமிழுக்கு அத்தகைய தொகுதி விண்டோஸில் அமையவில்லை. எனவே மேற்கோட்குறிகளுக்குள் தமிழ்ச்சொல்லை ஒட்டினால் வினாக்குறிகளே நிற்கும். பட்டிக்குத் தமிழ்ப்பெயர் இடவே இயலாதோ என்று சிலர் சோர்ந்து ஆங்கிலப்பெயரே இட்டுவிடுகின்றனர். சிஎச்ஆர்டபிள்யூ என்னும் சார்பு எழுத்தின் ஒருங்குறி எண்ணை வாங்கி அவ்வெழுத்தைத் தருவது. வரிசை என்னும் சொல்லுக்கு 2997, 2992, 3007, 2970, 3016 என்னும் ஐந்து எண்களைக் கொடுத்து இணைத்தால் அச்சொல் கிடைக்கும். வகரம், ரகரம், இகரக்குறி, சகரம், ஐகாரக்குறி என்பன இவை. எழுத்தை எண்ணாக்கி எழுதும் இம்முறை இயங்குவதே எனினும், ஓராண்டு கழித்து அந்நிரலைத் திறப்பார்க்கு எண்களின் காடாகவே தோன்றும்.

இதனினும் சிறந்த வழி, பட்டியின் பெயர்களைக் கோப்பிலேயே ஒரு தாளில் எழுதிவைத்தல். நிரல்பெட்டி தமிழை ஏலாதாயினும் விரிதாளின் கலங்கள் ஏற்கும். முதல் நெடுவரிசையில் பட்டியின் பெயர், அடுத்ததில் மேக்ரோவின் பெயர், அதற்கடுத்ததில் படிநிலை என அட்டவணை அமைத்து, நிரல் அதனைப் படித்துப் பட்டியைக் கட்டுமாறு செய்யலாம். எக்ஸல் நூலாசிரியர் ஜான் வாக்கன்பாக் இவ்வட்டவணை முறையைப் பரப்பினார். அவர் தமிழைக் கருதியிரார். நிரலைத் தொடாமல் பட்டியை மாற்றலாம் என்பதே அவர்கண்ட பயன். நமக்கோ நிரலறியாத தமிழாசிரியரும் கலத்தைத் திருத்திப் பெயரைச் செம்மைசெய்யலாம் என்ற பயனும் கூடுகின்றது. 1983இல் கலங்களில் எழுதப்பட்ட லோட்டஸ் பட்டி வேறு வடிவில் மீண்டும் தாளுக்கு வந்தமையை இங்கே காண்கின்றோம்.

வரிசை என்னும் பொத்தான் செய்யவேண்டிய வினை யாது? தொல்காப்பியம் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கும் நெடுங்கணக்கு முறைக்கும் ஒருங்குறியின் எண்முறைக்கும் வேறுபாடு உண்டு. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் வருகின்றன. ஜகரம் சகரத்தின்பின் நிற்கின்றது. புள்ளியின் எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றிற்கும் பிற்பட்டது. ஆகவே எண்முறையில் ஒப்பிடின் அகம் என்பது முன்னும் அக்கம் என்பது பின்னுமாக நிற்கும். மெய்யை முற்படவைக்கும் அகராதி மரபோ இதற்கு மறுதலை. இதனைத் தீர்க்க, மேக்ரோ ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்கோவையை வேறொரு நெடுவரிசையில் எழுத வேண்டும். உயிருக்கு 01 முதல் 12 வரை, ஆய்தத்துக்கு 13, மெய்க்கு 14 முதல் 31 வரை எனக் கொள்க. தனிமெய்யாயின் மெய்யெண்ணின்பின் 00. உயிர்மெய்யாயின் மெய்யெண்ணின்பின் உயிரெண். அக்கம் 01140014012300 ஆகும். அகம் 0114012300 ஆகும். ஐந்தாம் இலக்கம் முதலான இடத்தில் 00 என்பது 01 என்பதற்கு முற்படுதலின் அக்கம் முன்வரும். கிரந்த எழுத்துகளுக்கு 32 முதல் எண் தரலாம். எக்ஸல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் காப்பதில்லையாதலின், இக்கோவையை எண்ணாக எழுதிவிட்டால் நீண்ட சொற்களின் கடைப்பகுதி சுழியாகிவிடும். முன்னே ஓர் எழுத்தைச் சேர்த்து உரையாக எழுதுவதே பொருத்தம்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பட்டிகளையும் கருவிப்பட்டைகளையும் நீக்கி ரிப்பன் என்னும் நாடாவை மைக்ரோசாஃப்ட் புகுத்தியது. பழைய கமாண்டுபார் நிரல் பிழையின்றி இயங்கினும், அது கட்டும் பட்டி தலைமைப் பட்டையில் தோன்றாமல் ஆட்-இன்ஸ் என்னும் தாவலுள் ஒதுங்கிற்று. வலச்சுட்டிப் பட்டிகள் மட்டும் பழைய நிரலுக்கு முன்போலவே கட்டுப்பட்டு நின்றன. சிறிய சொல்லடைவுக்கு அவை ஒன்றே இன்றும் போதும் என்பது எம் துணிபு. நாடாவில் புதுத்தாவல் அமைக்க விரும்புவோர் எக்ஸ்.எம்.எல். நடையில் ஒரு விவரணை எழுத வேண்டும். புதிய வகை விரிதாட் கோப்பு உண்மையில் பல சிறுகோப்புகள் அடங்கிய ஒரு ஜிப் பொதி. அதனுள் கஸ்டம்யுஐ என்னும் உறையில் இவ்விவரணை வைக்கப்படும். தாவல், அதனுள் குழு, அதனுள் பொத்தான் என்று ஒன்றினுள் ஒன்றாக அமைத்து, பொத்தானுக்கு லேபிள் என்பதில் பெயரும், ஆன்ஆக்ஷன் என்பதில் மேக்ரோவின் பெயரும் தருதல் வேண்டும்.

இம்மாற்றத்தைப் பழித்தோர் பலர். பழைய நிரல்கள் பயனிழந்தமையை நோக்கின் அப்பழிப்பு முறையானதே. ஆயினும் நம் தலையாய வினாவுக்கு நாடா செம்மையான விடை தந்தது என்பதை ஒப்புதல் வேண்டும். விவரணை கோப்பினுள் உறைவதால் பெயரும் வினையும் மீண்டும் ஓரிடத்தில் கூடின. கோப்பு முன்னிற்கும்போது தாவல் தோன்றும், பின்னிற்கும்போது மறையும். யாம் மேலே கூறிய நிகழ்ச்சிகளுள் ஒன்றேனும் எழுதவேண்டியதில்லை. எக்ஸ்.எம்.எல். விவரணை ஒருங்குறியை இயல்பாக ஏற்பதால் தமிழ்ப்பெயரை நேரே எழுதலாம் என்பது நமக்குக் கிடைத்த பெரும்பேறு. இழந்ததும் உண்டு. கோப்பு திறந்தபின் நிரலால் புதுத்தாவலைப் படைக்க இயலாது. முன்னரே விவரித்தவற்றின் பெயரையும் தோற்றத்தையும் மட்டும் மாற்றலாம். அதற்கும் நாடாவின் சுட்டினை ஒரு மாறியில் காத்துவைத்து, இன்வாலிடேட் என்னும் வினையால் புதுப்பிக்க வேண்டும். நிரல் இடையே பிழைபட்டு நின்று மீளத் தொடங்கினால் அம்மாறி வெறுமையாகிவிடும். கோப்பை மூடித் திறப்பதே எளிய வழி.

லிப்ரே ஆஃபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் விரிதாள் இவ்வினாவைப் பயனரிடமே வெளிப்படையாக விட்டுவிடுகின்றது. அதன் தனிப்பயன் உரையாடற் பெட்டியில் பட்டியை மென்பொருளில் சேமிப்பதா, இக்கோப்பில் மட்டும் சேமிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் இடம் உள்ளது. அங்குள்ள பேசிக் நிரல்பெட்டி மேற்கோளுக்குள் தமிழை ஏற்கின்றது.

பட்டி கோப்போடு செல்லும் நிலையில், கோப்பைப் பெறுவோரிடத்து எழும் தடையொன்றை அறிந்திருத்தல் வேண்டும். மேக்ரோ வழியே தீங்குநிரல்கள் பரவியமையால் 2007 முதல் மேக்ரோ உடைய கோப்புக்கு எக்ஸ்.எல்.எஸ்.எம். என்றும், அஃதில்லாததற்கு எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்றும் வேறு பெயர்கள் ஏற்பட்டன. இரண்டாவதில் சேமித்தால் மேக்ரோ நீங்கிவிடும். 2022 முதல் விண்டோஸில் இணையத்தின் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை எக்ஸல் இயல்பாகவே தடுத்துவிடுகின்றது. தாவல் தோன்றினும் பொத்தான் இயங்காது. அனுப்பியவரை நன்கு அறிந்த இடத்து மட்டும், கோப்பைத் திறக்குமுன் அதன் பண்புகள் பெட்டியில் உள்ள தடைநீக்கக் கட்டத்தைக் குறியிட்டுப் பின் திறத்தல் வேண்டும். எம் சொல்லடைவைப் பெறுவோர்க்கு அனுப்பும் மடலில் இக்குறிப்பையும், பட்டி அட்டவணை உள்ள தாளின் பெயரையும் யாம் முதல் இரு வரிகளாக எழுதிவருகின்றோம்.